அப்பா பேச்சை ஆப் எழுதுமா?

கேள்வி:

அப்பாவுக்கு 82 வயது. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் கர்ணமாக, அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளையாக, இருந்தவர். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கிராமக் கர்ணம், முன்சீப் பதவிகளையே எடுத்தபோது அவருக்கும் வேலை போனது. அந்தக் காலத்துக் கணக்கு, ஜமாபந்தி, தண்ணீர்ச் சண்டை, யார் நிலம் யாரிடம் போனது என்று உட்கார்ந்தால் மணிக்கணக்கில் சொல்வார். நான் அதை வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டாகப் பிடித்து சென்னையில் இருக்கும் தம்பிக்கு அனுப்பி வருகிறேன். பேரப்பிள்ளைகள் படிக்கிற மாதிரி எழுத்தில் வர வேண்டும் என்று ஆசை. பேசினால் எழுதித் தரும் ஆப் ஒன்றை அப்பா முன்னால் வைத்தேன். அவர் யோசிக்க நிறுத்தினால் அதுவும் நின்றுவிடுகிறது. ‘கிஸ்தி கட்டினோம்’ என்றதை ‘குஸ்தி கட்டினோம்’ என்று எழுதியிருந்தது. இன்னொரு ஆப்பில் ஒரு நோட்டை ஏற்றினேன். அழகான தமிழில் வந்தது, ஆனால் அப்பா ஜென்மத்திலும் அப்படிப் பேச மாட்டார். எந்த ஆப் நல்லது? சேர்ந்துபோன வாய்ஸ் நோட்டுகளை என்ன செய்வது? காசு கட்டி வாங்கலாமா?

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நேர்காணல்களைக் கேட்டு எழுத்தாக்கித் தருவதுதான் என் பிழைப்பு. ‘எந்த ஆப்’ என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. உங்கள் விஷயத்தில் அது இரண்டாவது கேள்வி. முதலில், பதிவு செய்வதையும் எழுத்தாக்குவதையும் தனித்தனி வேலையாகப் பிரித்துவிடுங்கள். அப்பா பேசும்போது எழுத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

நீங்கள் அப்பா முன்னால் வைத்த ஆப், குரல்வழித் தட்டச்சு வகை. ஜிபோர்டு கீபோர்டில் மைக் படத்தைத் தொட்டால் வருகிறதே, அதே ரகம். 2017 ஆகஸ்டிலிருந்து கூகுள் இதைத் தமிழுக்கும் கொடுக்கிறது. ஒருவர் போனைக் கையில் பிடித்து இரண்டு வரிச் செய்தி சொல்வதற்காகச் செய்யப்பட்டது அது. இடைவெளி விழுந்தால் ‘சொல்லி முடித்துவிட்டார்’ என்று எடுத்துக்கொண்டு மைக்கை மூடிவிடும். எழுத்து மட்டும்தான் மிஞ்சும். அப்பாவின் குரல் எங்கும் இருக்காது. கிஸ்தி குஸ்தி ஆனதைக்கூட உங்களுக்கு விஷயம் தெரிந்ததால் கண்டுபிடித்தீர்கள். பத்து வருடம் கழித்துப் படிக்கும் பேரன், தாத்தா பயில்வான் என்றே நம்புவான். சரிபார்க்க ஒலி இல்லையே!

கூகுளின் ‘லைவ் டிரான்ஸ்க்ரைப்’ ஆப்பையும் உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். அது நிற்காமல் எழுதிக்கொண்டே போகும், தமிழும் தெரியும். ஆனால் அது 2019-இல் காது கேளாதோருக்காக வந்தது. எதிரில் இருப்பவர் பேசுவதை அந்த நேரத்தில் படித்துக்கொள்வதற்கு. எழுத்தை வைத்திருக்கச் சொன்னாலும் மூன்று நாள்தான் வைத்திருக்கும். உங்கள் வேலைக்கு அது ஆகாது. அப்பாவுக்குக் காது மந்தமாக இருந்தால், நீங்கள் கேட்கும் கேள்வியை அவர் படித்துக்கொள்ள மட்டும் பயன்படும்.

எனவே பதிவுக்குப் போனோடு வந்த சாதாரண ரெக்கார்டரே போதும். புதிதாக எதுவும் இறக்க வேண்டாம். அப்படியே இறக்கினாலும் மைக்கைத் தவிர வேறு அனுமதி கேட்கும் ரெக்கார்டரை வைத்துக்கொள்ளாதீர்கள். குரலைப் பதிவு செய்கிற ஆப்புக்கு உங்கள் போன் நம்பர் பட்டியல் எதற்கு?

ரெக்கார்டரின் செட்டிங்ஸில் தரம் என்று ஒரு இடம் இருக்கும். இருப்பதில் உயர்ந்ததை வையுங்கள். 128 கேபிபிஎஸ் எம்4ஏ என்றால் ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பி அளவுதான் ஆகும். வேவ் என்ற சுருக்காத வடிவம் இருந்து, போனில் இடமும் இருந்தால் அது இன்னும் நல்லது, 44.1 கிலோஹெர்ட்ஸ், ஒற்றைத் தடம் என்றால் மணிக்குச் சுமார் 320 எம்பி பிடிக்கும். பதிவுக்கு முன்னால் ஏரோபிளேன் மோடு போட்டுவிடுங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால் பல போன்களில் பதிவு நின்றுவிடும். நின்றது தெரியாமல் அப்பா அரை மணி நேரம் பேசியிருப்பார். அவரைத் திரும்பச் சொல்ல வைத்தால் அதே கதை வரும், அதே சுவை வராது.

அப்புறம் ஃபேன். தஞ்சாவூர் வெயிலில் ஃபேனை நிறுத்து என்று சொல்கிறவன் மனிதனா என்று கேட்பீர்கள். நிறுத்த வேண்டாம், வேகத்தைக் குறைத்து, ஃபேனுக்கு நேர் கீழே உட்காராமல் ஒதுங்கி உட்காருங்கள். போன் அப்பாவின் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கட்டும். வெறும் மேசை மேல் வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தம் இடி மாதிரி விழும். நான்காக மடித்த துண்டின் மேல் வையுங்கள். சட்டையில் குத்துகிற காலர் மைக் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நீங்கள் காசு செலவழிப்பதாக இருந்தால் முதலில் இதற்குச் செலவழியுங்கள். எந்தக் கட்டண ஆப்பும் தராத வித்தியாசத்தை இது தரும்.

பேச ஆரம்பிக்கும் முன் நீங்களே தேதி, இடம், பேசுகிறவர் பெயர் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் இது மாறாது. அப்பா பேசும்போது ‘ம்ம்’, ‘அப்படியா’ என்று குறுக்கே விழாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். நமக்கு இது கஷ்டம். கதை கேட்டால் ம்ம் கொட்டிப் பழகியவர்கள். ஆனால் இரண்டு குரல் ஒன்றின் மேல் ஒன்று விழுந்த இடத்தில் எந்த மென்பொருளும் தடுமாறும். ஒரு இடத்தில் மட்டும் குறுக்கிடத்தான் வேண்டும். அப்பா கையைக் காட்டி ‘இம்புட்டு உசரம் தண்ணி நின்னுச்சு’ என்றால் போனுக்குக் கை தெரியாது. ‘இடுப்பளவாப்பா?’ என்று கேளுங்கள். அவர் ‘மாருக்கு இருக்கும்’ என்பார். அது பதிவாகிவிடும்.

இனி, ஏற்கெனவே இருக்கும் வாய்ஸ் நோட்டுகள். பயப்பட வேண்டாம், அவை வீண் இல்லை. வாட்ஸ்அப் குரலை ஓபஸ் என்ற வடிவில் நன்றாகச் சுருக்கித்தான் வைக்கிறது. ஆனால் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் பலவும், கொடுக்கும் ஒலியை 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிக்கொண்டுதான் வேலை செய்கின்றன. ஆகவே எழுத்தாக்குவதற்கு அந்த நோட்டுகள் போதும். குரலைக் குரலாகவே வைத்துக் கேட்பதற்குத்தான் கொஞ்சம் மங்கல். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: போன் மாற்றினால், அல்லது ‘ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது’ என்று யாராவது துடைத்துவிட்டால் எல்லாம் போய்விடும். ஆண்ட்ராய்டு போன் என்றால் ஃபைல்ஸ் ஆப்பில் ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப் என்று உள்ளே போய்க்கொண்டே இருந்தால் ‘வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்’ என்ற ஃபோல்டர் வரும். உள்ளே ஒவ்வொரு கோப்பின் பெயரும் பிடிடி (PTT) என்று தொடங்கி வருடம், மாதம், நாள் என்று தேதியோடு இருக்கும். முழு ஃபோல்டரையும் பென் டிரைவில் ஒன்று, தம்பி கணினியில் ஒன்று என்று இரண்டு பிரதி எடுத்துவிடுங்கள். அதில் பால்காரருக்கு அனுப்பிய நோட்டும் கலந்து கிடக்கும். பிரிப்பதை மெதுவாகச் செய்யலாம், பிரதி எடுப்பதை இன்றைக்கே செய்யுங்கள். இனிமேல் தம்பிக்கு அனுப்புவதென்றால் ரெக்கார்டர் கோப்பை வாட்ஸ்அப்பில் ‘டாகுமென்ட்’ என்ற வழியாக அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் சுருங்காமல் அப்படியே போகும்.

வாட்ஸ்அப்பே வாய்ஸ் நோட்டை எழுத்தாக்கித் தருமே என்று தம்பி சொல்லக்கூடும். 2024 நவம்பரில் அந்த வசதியை அறிவித்தார்கள். ஆண்ட்ராய்டில் ஆங்கிலம், போர்ச்சுகீசு, ஸ்பானிஷ், ரஷ்யன் என்று தொடங்கினார்கள். அந்தத் தொடக்கப் பட்டியலில் தமிழ் இல்லை. உங்கள் போனின் செட்டிங்ஸில் இப்போது என்ன மொழிகள் காட்டுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதை நம்பி உட்கார வேண்டாம்.

இப்போது எழுத்துக்கு வருவோம். உங்களுக்கு ‘அழகான தமிழ்’ கொடுத்த ஆப்பைப் பற்றி நீங்கள் சொன்னதுதான் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒலிக் கோப்பை ஏற்றினால் எழுத்தாக்கித் தருபவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கேட்டதை எழுத மட்டும் முயல்வது. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் இலவசமாக வெளியிட்ட விஸ்பர் இந்த வகை. கடையில் கிடைக்கும் பல எழுத்தாக்க ஆப்களின் வயிற்றுக்குள் இருப்பதும் இதுதான். இன்னொன்று, கூகுளின் ஜெமினி மாதிரி பேச்சைப் புரிந்துகொண்டு பதில் எழுதும் வகை. இரண்டாவது வகை, பிழையில்லாமல் எழுதுவது போலத் தெரியும். ஆனால் அப்பா ‘அந்த வருசம் தாளடி போச்சு’ என்றால், ‘அந்த ஆண்டு தாளடிப் பயிர் சேதமடைந்தது’ என்று திருத்திக் கொடுத்துவிடும். தகவல் சரிதான், ஆள் காணாமல் போய்விட்டார். ‘பேசியதை ஒரு சொல் மாற்றாமல், பேச்சு வழக்கிலேயே எழுது, புரியாத இடத்தில் புள்ளி வை’ என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்தால் கொஞ்சம் அடங்கும். முழுக்க அடங்காது.

விஸ்பர் வகையில் சிக்கல் வேறு. அதற்குப் புகட்டிய 6,80,000 மணி நேர ஒலியில், ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளுக்கும் எழுத்தாக்கத்துக்கெனக் கிடைத்தது மொத்தம் 1,17,000 மணி நேரம். அதில் தமிழின் பங்கு சொற்பம். செய்தி வாசிப்பது போன்ற பேச்சை ஓரளவு பிடிக்கும். மன்னார்குடிப் பேச்சில் திணறும். ல, ள, ழ மூன்றும் இஷ்டத்துக்கு இடம் மாறும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பிழை, திருத்திவிடலாம். தெரியாத பிழை ஒன்று உண்டு. பேச்சில் நீண்ட மௌனம் வந்தால், அந்த இடத்தில் யாரும் சொல்லாத வாக்கியத்தை அது தானாகவே எழுதிவிடும். 2024-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, ஆங்கிலப் பதிவுகளிலேயே நூற்றில் ஒன்று போல இப்படி இட்டுக்கட்டிய வரிகள் வந்ததைக் காட்டியது. பேச்சில் இடைவெளி அதிகம் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக நடந்தது. வயதானவர்கள் பேச்சில் மௌனம் இல்லாமல் இருக்குமா? அதனால், அப்பா நிறுத்தி யோசித்த இடங்களுக்குப் பக்கத்தில் வரும் வரிகளை ஒலியோடு ஒட்டிப் பாருங்கள். மற்ற இடங்களில் அவசரப்பட்டாலும் இங்கே வேண்டாம்.

நம் ஊர்ப் பேச்சுக்கென்றே நடக்கும் வேலையும் இருக்கிறது. சென்னை ஐஐடியில் உள்ள ஏஐ4பாரத் குழு 145 மாவட்டங்களில் 16,237 பேரிடம் 22 இந்திய மொழிகளில் பேச்சைச் சேகரித்தது. அதில் பத்தில் ஒன்பது பங்கு போல, எழுதி வைத்துப் படிக்காமல் இயல்பாகப் பேசியது. அந்தத் தரவையும் பேச்சை எழுத்தாக்கும் தங்கள் மாடல்களையும் பொதுவில் வைத்திருக்கிறார்கள். கணினி தெரிந்த தம்பி இருப்பதால் சொல்கிறேன். அவர் அதையும் ஒரு கை பார்க்கட்டும்.

இனி என் தொழிலில் நான் தினமும் செய்வதைச் சொல்கிறேன். வயதானவர் பேச்சு என்றால் நான் அதை நேரடியாக மென்பொருளுக்குக் கொடுப்பதில்லை. காதில் இயர்போன் மாட்டி ஒரு வாக்கியம் கேட்பேன், நிறுத்துவேன், அதே வாக்கியத்தை என் குரலில் தெளிவாக, கொஞ்சம் நிதானமாக ஜிபோர்டிடம் சொல்வேன். அது எழுதும். பிரிட்டனில் தொலைக்காட்சி நேரலைக்கு எழுத்து ஓடியதும் பல வருடம் பெரும்பாலும் இந்த முறையில்தான்: ஒருவர் கேட்டுக்கொண்டே திருப்பிச் சொல்ல, கணினி அவர் குரலை எழுதும். உங்கள் அப்பாவின் பேச்சு உங்களுக்குப் புரிகிற அளவுக்கு எந்த மென்பொருளுக்கும் புரியாது. உங்கள் குரல் மென்பொருளுக்குப் புரிகிற அளவுக்கு அப்பா குரல் புரியாது. நடுவில் நீங்கள் உட்கார்ந்தால் இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஒரே போனில் இரண்டையும் செய்ய முடியாது. மைக்கைத் திறந்ததும் ஓடுகிற ஒலி நின்றுவிடும். பழைய போன் ஒன்றில் ஒலியை ஓடவிட்டு, புதிய போனில் பேசுங்கள். ‘போச்சு’, ‘வந்துருச்சு’ போன்றவற்றை அது சில நேரம் திருத்தி எழுதும், அதைக் கையால் மாற்ற வேண்டியிருக்கும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்தாறு மணி நேர வேலை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எனவே எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று கச்சை கட்டாதீர்கள். முழுக்கக் கேட்டு, எந்த நிமிடத்தில் எந்தக் கதை என்று ஒரு நோட்டில் குறித்து, பேரப்பிள்ளைகளுக்கு வேண்டியதை மட்டும் முதலில் எழுதினால் போதும்.

அப்பா எப்படிப் பேசினாரோ அப்படியேவா, கொஞ்சம் திருத்தியா என்பதை முதல் பக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். என் கட்சி, வினைச்சொல்லில் கை வைக்காதே என்பது. ‘போச்சு’ ‘போச்சு’ என்றே இருக்கட்டும். மூன்று தடவை சொன்ன ‘வந்து’, ‘என்னன்னா’ போன்றவற்றை எடுத்துவிடலாம்.

பேச்சை எழுத்தாக்குவதற்கு முன் அப்பாவோடு உட்கார்ந்து ஒரு சொல் பட்டியல் போடுங்கள். அடங்கல், சிட்டா, பைசல், கண்டுமுதல், முறைத்தண்ணீர் என்று அவர் வாயில் வருவதையெல்லாம் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். ‘கண்டுமுதல்’ என்பதை மென்பொருள் ‘கண்டு முதல்’ என்று உடைத்துவிடும். அதை விளைச்சல் என்று படிக்க யாருக்கும் தோன்றாது. அளவுகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்பது உங்களுக்குத் தெரியும்; சென்னையில் பிறந்த பிள்ளைக்கு வேலி என்றால் முள்வேலிதான். வருடக் கணக்கில் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள். கர்ணம் எதையும் பசலியில்தான், அதாவது நில வருவாய்க் கணக்கு வருடத்தில்தான், சொல்வார். ‘தொண்ணூறாம் பசலியில வேலை போச்சு’ என்று அவர் சொல்ல, ஆப் ‘90’ என்று போட, படிப்பவர் 1990 என்று எடுத்துக்கொள்வார். அது 1390-ஆம் பசலி. 590 கூட்டினால் 1980. அந்த ஜூலையில் தொடங்கி மறு வருடம் ஜூனில் முடிவது. எண் வருகிற ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் ஆங்கில வருடத்தை நீங்களே எழுதிவிடுங்கள்.

காசு விஷயம். மாதச் சந்தா ஆப் உங்களுக்குத் தேவையில்லை. ‘ஒரு வாரம் இலவசம்’ என்று கார்டு நம்பர் கேட்கிறவற்றில் சில, எட்டாவது நாள் வருடத்துக்கே எடுத்துவிடும். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், ‘தமிழ் உண்டு’ என்ற விளம்பரத்தை நம்பாமல் அப்பாவின் ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை இலவச அளவுக்குள் போட்டுப் பாருங்கள். எந்தத் துண்டு என்பதையும் யோசியுங்கள். அப்பா சொல்லும் ‘யார் நிலம் யாரிடம் போனது’ என்பது மற்றவர்கள் வீட்டுச் சமாச்சாரம். அந்தக் குடும்பங்கள் இன்னும் அதே தெருவில் இருக்கும். ஆன்லைனில் ஏற்றும் ஒலி எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினியில் போய் உட்காருகிறது. தண்ணீர்ச் சண்டைக் கதையைத் தாராளமாக ஏற்றுங்கள். பெயர் சொல்லிப் பேசும் சொத்துத் தகராறை ஏற்றாதீர்கள். அதை எழுத்தாக்கினாலும் நோட்டில் சேர்க்கலாமா என்று அப்பாவிடம் கேளுங்கள். பதிவாகிறது என்பதே அவருக்கு ஒவ்வொரு முறையும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த மாதிரிப் பகுதிகளுக்குத்தான் விஸ்பர் உதவும். அதைத் தம்பியின் கணினியிலேயே, இணையம் இல்லாமல் ஓட்டலாம். ஒலி வீட்டை விட்டு வெளியே போகாது. அதில் சிறியதிலிருந்து பெரியது வரை பல மாடல்கள் இருக்கின்றன. சிறியவை வேகமாக ஓடும், ஆனால் தமிழைக் கொத்துக்கறி போட்டுவிடும். அவரை ‘லார்ஜ்’ மாடலையே போடச் சொல்லுங்கள். அதற்கு 10 ஜிபி அளவு கிராஃபிக்ஸ் நினைவகம் வேண்டும். அப்படிப்பட்ட கார்டு இல்லாத கணினியிலும் ஓடும், ஆனால் ஒரு மணி நேர ஒலிக்குப் பல மணி நேரம் எடுக்கும். இரவு ஓடவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். மொழி தமிழ் என்பதை அவரே குறிப்பிட வேண்டும். அதன் கணிப்புக்கு விட்டால் முதல் 30 விநாடியைக் கேட்டுத் தானே முடிவு செய்துகொள்ளும். அந்த 30 விநாடியில் அப்பா செருமிக்கொண்டு தண்ணீர் குடித்திருந்தால் வேறு ஏதாவது மொழியில் எழுத ஆரம்பித்துவிடும்.